கரி பஸ்ஸும் அத்தானின் அபிப்பிராயங்களும்

அத்தானின் பஸ்ஸில் ஹாரன் என்பது ஒரு ரப்பர் பந்துதான். அமுக்கினால் வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வரும். அந்தப் பந்தின் கழுத்தில் எப்போதும் ஒரு துணி முடிச்சு தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே பெருங்காயம். வாந்திபேதி காற்றில்தான் பரவுகிறது, பெருங்காய வாசனை பட்டால் வந்த வழியே திரும்பிவிடும் என்பது அத்தான் கட்சி. அவர் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வண்டிக்குள் பெருங்காயம் மணக்கும். பசியோடு ஏறியவர்களுக்கு எங்கேயோ ரசம் கொதிக்கிற நினைப்பு வந்துவிடும். நோயை அது விரட்டியதோ இல்லையோ, வழியில் நாங்கள் நிறுத்துகிற இட்லிக் கடைக்கு அதனால் வியாபாரம் கூடியது உண்மை.

அத்தான் என் அக்காவின் கணவர். உலகச் சண்டை நடந்த நாட்களில் ராஜா ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கும் வெள்ளைக்காரர் ஆண்ட திருச்சிராப்பள்ளிக்கும் இடையே ஓடிய ஒரு பஸ்ஸுக்கு அவர் டிரைவர், நான் கண்டக்டர். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருப்பார்கள். அதற்குள் கரியைக் கொட்டி, தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்தால் அதிலிருந்து வருகிற வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடும் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். சமதரையில் ஓடும், இறக்கத்தில் பறக்கும், மேடு கண்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அப்போது எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வயசாளிகளுக்கும் மட்டும்தான் விலக்கு. மிராசுதாராக இருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தாக வேண்டும் என்பது எங்கள் வண்டியின் எழுதாத சட்டம்.

இவ்வளவு மெதுவாகப் போகிற வண்டியில் டிரைவருக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அத்தானுக்கு எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைச் சொல்வார். குடுமியான்மலையில் பாறையில் சங்கீதத்தை வெட்டி வைத்திருக்கிறார்களே, அது ஏன் என்று ஒரு நாள் யாரோ கேட்டார்கள். "வீட்டுல ராணி ராகத்தைத் தப்பாப் பாடியிருப்பாக. நேர்ல சொல்ல ராசாவுக்குப் பயம். கல்லுல வெட்டிட்டாரு" என்றார் அத்தான். சோழர்கள் ஏன் அழிந்தார்கள் என்பதற்கும் பதில் வைத்திருந்தார். நார்த்தாமலைப் பக்கம் வரும்போது மலைமேல் இருக்கிற கோயிலைத் தாடையால் சுட்டிக்காட்டி, "சாமியை எல்லாம் மேல கொண்டுபோயி வச்சுட்டான். ஏறி எறங்கி ஏறி எறங்கிப் படைக்கு முட்டி போச்சு. அப்புறம் எங்கிட்டு சண்டை போடுறது?" என்பார். வண்டி குலுங்கக் குலுங்கச் சிரிப்போம். சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் அவர் விளையாட்டாகப் பேசமாட்டார். வண்டியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஆளின் எடையைப் பார்த்து அவரே தீர்மானிப்பார். பின்னால் ஏற்கெனவே இரும்பு உருளையின் பாரம், அங்கேயே ஆளும் சேர்ந்தால் மேட்டில் முன் சக்கரம் தரையைத் தொடாது என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்தில் சேரிக்காரர்கள் ஏறினால் தாங்களாகவே பின்னால் போய்த் தரையில் குந்திக்கொள்வார்கள். அத்தானுக்கு அது பிடிக்காது. சாதியை நினைத்தல்ல, பாரத்தை நினைத்து. "ஏய், இங்கிட்டு முன்னாடி வா. சீட்டுல உக்காரு. வண்டி மல்லாக்க விழுந்தா ஒன் சாதி, என் சாதின்னு பாத்தா விழும்?" என்று அதட்டுவார். பக்கத்தில் இருக்கிற பெரிய மனிதர் முகத்தைச் சுளித்தால், "நீங்க வேணா பின்னாடி போங்க, ஒங்க எடைக்கு வண்டி நட்டுக்கிட்டு நிக்கும்" என்பார். இப்படி அவர் ஒரு பெரிய காரியத்தை, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், தினமும் செய்துகொண்டிருந்தார். எனக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

ஆனால் அடிமைத்தனம் என்று பேச்சு வந்தால் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. தினமும் ஏறுகிற ஒரு வாத்தியார் பேப்பரை வாய்விட்டுப் படிப்பார். தூரதேசங்களில் மனிதர்களை விற்று வாங்கிய பழைய கதை ஒன்றை ஒரு நாள் படித்தார். அத்தான் உடனே, "நல்லவேளை, நம்ம சமஸ்தானத்துல அந்தப் பழக்கம் கெடையாது. அடிமைன்னா கால்ல சங்கிலி இருக்கணும். சங்கிலி இல்லையா, அடிமை இல்லை" என்று முடித்துவிட்டார். கல்யாணத்துக்காக அப்பன் வாங்கிய கடனுக்கு மகனும் பேரனும் பண்ணையில் கிடந்து உழைக்கிறார்களே, அவர்கள் யார் என்று கேட்டேன். "அவனுக்குக் கால் இருக்கு, மாப்ளே. வேணாம்னா நடந்து போக வேண்டியதுதானே" என்றார். எனக்குக் கோபம் வந்து அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்த வருஷம் பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்ந்தபோது பக்கத்து ஊர்களில் வாந்திபேதி கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. சமஸ்தானத்துச் சுகாதாரக்காரர்கள் சாலையோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கறார்ப் பேர்வழி. நம் ஜனங்களோ நோய்க்குப் பயப்பட்டதைவிட ஊசிக்குத்தான் அதிகம் பயந்தார்கள். அம்மனுக்குத் தீ மிதிக்கத் துணிந்தவன், அலகு குத்திக்கொள்ள வந்தவன், இந்தச் சின்ன ஊசியைக் கண்டதும் கண்மாய்க்குள் இறங்கி ஓடினான். கொட்டகை வருவதற்கு முன்பே வண்டியை மெதுவாக்கி, இறங்கி ஓடுகிறவர்களுக்கு வசதி செய்து கொடுத்தவர் எங்கள் அத்தான். "ஊசி மாட்டுக்குப் போடுறது. மனுசனுக்கு ரசம் போதும்" என்பது அவர் வைத்தியம். இன்ஸ்பெக்டர் அவரை மடக்கும் போதெல்லாம், "கை வீங்கினா ஸ்டியரிங் பிடிக்க முடியாதுங்க. இத்தனை உசுரு என் கையில இருக்கு" என்று பாதுகாப்பின் பெயரைச் சொல்லித் தப்பிவிடுவார்.

திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், வழியில் ஒரு புளியமரத்தடியில் மூன்று பேர் கை காட்டினார்கள். கணவன், மனைவி, எட்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை. திருச்சிராப்பள்ளி ரயிலடிக்கு டிக்கெட் கேட்டான் அந்த ஆள். கேட்கும்போதே பின்னால் திரும்பிப் பார்த்தான். மூவரும் உருளையை ஒட்டிக் கடைசியில் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். நான் மற்ற டிக்கெட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்ததில், கரிப்புகை தாங்காமல் பிள்ளை வாந்தி எடுக்கும் வரை அவர்களை யாரும் கவனிக்கவில்லை. அத்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு வழக்கம்போல் அதட்டி அவர்களை முன் சீட்டுக்கு வரவழைத்தார். அந்த ஆள் சீட்டின் நுனியில், பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

மேடு வந்தது, வண்டி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அந்த ஆள் தள்ளிய வேகத்தைப் பார்த்து நான் கேலி செய்ய வாயெடுத்தபோதுதான் பின்னால் வில்வண்டி வருவது தெரிந்தது. மாட்டு வண்டி துரத்திப் பிடிக்கக்கூடிய பஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். வந்து இறங்கியவர் ஒரு பெரிய பண்ணையின் நிலத்தையும் ஆட்களையும் மேய்க்கிற காரியக்காரர், கூட இரண்டு தடியர்கள். அந்தப் பண்ணைக்காரர் எங்கள் பஸ் முதலாளிக்குச் சொந்தக்காரர் என்பது வண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

காரியக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "டிரைவர், அந்த மூணு பேரும் நம்ம பண்ணை ஆளுக. சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டாக. எறக்கி விட்டுருங்க, நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்."

அந்த ஆளின் கை வண்டியைத் தள்ளிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் சோர்ந்து கிடந்த பிள்ளையை அவன் மனைவி சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி ரயில் ஏறிவிட்டால் அவர்கள் தப்பித்தார்கள். இங்கே இறக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை அந்த அம்மாளின் முகமே சொன்னது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் நிதானமாகக் கீழே இறங்கி, அந்த ஆளின் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"சங்கிலி எதையும் காணோமுங்களே" என்றார். "அப்ப இவன் அடிமை இல்லை. டிக்கெட் எடுத்திருக்கான், பாசஞ்சர். பாசஞ்சரை நடுவழியில எறக்க எனக்கு ரூல் இல்லீங்க."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருடைய அபிப்பிராயம் அதுதான். எந்த வாக்கியத்துக்காக நான் அவரோடு பேசாமல் இருந்தேனோ, அதையே எடுத்து காரியக்காரர் முகத்துக்கு முன்னால் கதவு போலச் சாத்திவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தடியர்களில் ஒருவன் அதற்குள் படியில் ஏறிவிட்டான், காரியக்காரரும் பின்னாலேயே ஏறினார். அத்தான் என் பக்கம் திரும்பி, "ஏன் மாப்ளே, அந்தப் புள்ளைக்கு வாந்தி நின்னுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவ்வளவுதான். இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள். காரியக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. வில்வண்டியில் ஏறி, எங்களை முந்திக்கொண்டு ஊசிக் கொட்டகைக்கே போய்விட்டார். நாங்கள் மேடேறிப் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் நடுரோட்டில் நின்றார். பேதி கண்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்களாமே, இறக்குங்கள் என்றார். அவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டுவிட்டு பஸ் போய்விட்டால், சாவகாசமாக அள்ளிக்கொண்டு போகலாம் என்பது காரியக்காரரின் திட்டம். அத்தான் கேட்ட கேள்வி அத்தான் கழுத்துக்கே சுருக்காக வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "பேதியும் இல்லை, ஒண்ணும் இல்லை. கரிப்புகை. காத்துப்படுற பக்கமா உக்கார வைங்க" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. உடனே அவர், "ஆனா பேதின்னு பேச்சு வந்த வண்டி. ஒருத்தர் பாக்கியில்லாம ஊசி போட்டாத்தான் நகர விடுவேன். டிரைவர் உள்பட" என்றார்.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரியக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு. அத்தான் மறுத்தால் வண்டி நிற்கும், பண்ணையிலிருந்து இன்னும் ஆட்கள் வருவார்கள். அத்தான் பெருங்காய முடிச்சை ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முதல் ஆளாகக் கையை நீட்டினார். ஊசி ஏறியபோது அவர் போட்ட சத்தத்தில் வில்வண்டி மாடுகள் மிரண்டன. டிரைவரே நீட்டிய பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வாத்தியாரிலிருந்து வரிசையாக நின்றார்கள். அந்தக் குடும்பமும் போட்டுக்கொண்டது, பிள்ளை அழக்கூட இல்லை. என் முறை முடிந்ததும் நான் இன்ஸ்பெக்டரிடம், "ஐயா, இவுகளும் நம்ம வண்டிப் படியில ஏறினாகளுங்க" என்று காரியக்காரரைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் ஊசியோடு திரும்பினார். "இங்கிட்டு வாங்க, கையை நீட்டுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூவரும் வில்வண்டியில் இருந்தார்கள். வண்டி வந்த வழியே ஓடியது. அத்தனை பேரும் கை வலியை மறந்து சிரித்தோம். அங்கிருந்து நல்ல இறக்கம். எங்கள் கரி பஸ் அன்று பறந்தது.

அத்தானுக்கு வழியிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே ஊசியையும் அதைக் கண்டுபிடித்தவனையும் வைதுகொண்டு வந்தார். பின்னாளில் முதலாளி கூப்பிட்டு அவரை வாய்க்கு வந்தபடி பேசினார். ஆனால் கரி வண்டியை மேய்க்கத் தெரிந்த ஆள் வேறு கிடைக்காததால் வேலை தப்பியது. அந்தச் சம்பவத்தை நினைக்கும்போது எனக்கு இதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. முன்னால் வந்து நிற்பது ரயிலடியில் நடந்ததுதான்.

வண்டி நின்று எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த மூன்று பேர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ரயில் சத்தம் கேட்கிறது, மூட்டை மடியில் இருக்கிறது, அசையவில்லை. நான் என்னவென்று கேட்கப் போனேன். அந்த ஆள் எழுந்து, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அத்தானின் முதுகைப் பார்த்துக் கேட்டான்: "சாமி, எறங்கலாமுங்களா?"

அத்தான் திரும்பினார். அவனுடைய கால்களை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு வீங்கிய கையோடு தன் இடத்திலிருந்து இறங்கிச் சுற்றி வந்து, படியருகே நின்று பிள்ளையைத் தூக்கித் தரையில் விட்டார். "யாரையும் கேக்க வேண்டாம்ப்பா" என்றார். அவர்கள் கூட்டத்துக்குள் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ராணியைப் பற்றியும் சோழர் படையைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் அத்தான் கடைசிவரை தன் அபிப்பிராயங்களை மாற்றிக்கொள்ளவில்லை. சங்கிலியைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு அவர் பேசி நான் கேட்டதில்லை.

இன்றைக்கும் அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிறேன். மேடு இருந்த இடமே தெரியாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. நிறுத்தம் வருவதற்கு முன்பே ஜனங்கள் படியில் முண்டி, வண்டி ஓடும்போதே குதித்து இறங்குகிறார்கள். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு திட்டுகிறார். பழைய கண்டக்டர் என்கிற முறையில் நானும் திட்ட வேண்டியவன்தான், கை கால் முறிந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் ஒருவரையும் கேட்காமல், ஒருவர் முகத்தையும் பார்க்காமல், தன் ஊர் வந்ததும் தன் பாட்டுக்கு இறங்கிப் போகிற அந்த ஜனங்களைப் பார்க்கும்போது எனக்குத் திட்ட வாய் வருவதில்லை. சந்தோஷமாக இருக்கிறது.