இரண்டு முறை எண்ணிய மூக்கன்கள்

வலக்கைக் கட்டைவிரல் எண்ணும் பொறியை அழுத்திக்கொண்டிருந்தது. பத்துப் பறவைக்கு ஓர் அழுத்து. இடக்கை தொலைநோக்கியைக் காற்றில் ஆடாமல் பிடித்திருந்தது. கடல் ஓதம் ஏறிவந்தது. எங்கள் ஹாரோ குடாவின் வடக்கு மணல்திட்டில் அறுநூற்றுப் பத்து நீள அலகு மூக்கன்கள். ஒன்றின் காலில் ஆரஞ்சுப் பட்டை, அதில் ‘இசட் கே’ என்ற எழுத்துகள்.

நோயலின் டகன் அதையும் குறித்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிடம் வண்டியோட்டித் தெற்கு உப்புப்பாத்திக்குப் போனாள். அங்கே ஐந்நூற்று எண்பது. எண்ணி முடித்தபோது ஒரு பறவை மடக்கியிருந்த காலை இறக்கியது. இசட் கே.

பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே பறவைகளைக் கற்றவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஈரநிலக் குழுவின் தலைவி. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் இருவர் எண்ண வேண்டும் என்று விதி போட்டவளும் அவள்தான். பத்தொன்பது கோடைகள் தெற்கில் அவள் தோழி கிளெனிஸ் நின்றாள். கிளெனிஸ் இறந்தபின் நோயலின் யாரையும் அழைக்கவில்லை. இரண்டையும் தானே எண்ணினாள். திட்டு முங்கியதும் அதே கூட்டம் அவள் வண்டியை முந்திக்கொண்டு தெற்கே வந்திருக்கிறது. ஆயிரம் மூக்கன் இருந்தால்தான் திட்டில் வண்டிகளுக்கு உள்ள தடை நீடிக்கும்.

நண்டுக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்த மெர்வ் கரையிலிருந்து கத்தினார்.

“என்ன தலைவி, மூஞ்சி தொங்குது? குருவி கொத்திருச்சா?”

“ஒரே கூட்டத்த ரெண்டு தடவ எண்ணியிருக்கேன். மூணு வருஷமாவே இப்படித்தான் போல.”

“தெக்க நான் நிக்கிறேன்னு கேட்டேன்ல? நண்டத் தவிர உனக்கு என்ன எண்ணத் தெரியும்னு வாய மூட வச்ச.”

“சொன்னேன்தான்.”

“சரி விடு, யாருக்குத் தெரியப்போகுது? கூட்டி எழுதிக் குடு.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே, மெர்வ்.”

பிளாஸ்க்கின் இரண்டு கோப்பைகளில் ஒன்றில் மட்டும் தேநீர் ஊற்றிக் குடித்தாள். பிறகு வண்டியின் முன்மூடிமேல் கணக்குப் படிவத்தை வைத்து, உறுதியாகத் தெரிந்த ஒரே எண்ணை எழுதினாள்: 610.

படிவம் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். அலுவலகத்தில் படிவங்களை வாங்கும் டானிகா அதை எட்டிப் பார்த்தாள்.

“இது பத்தாதே, நோயலின். திட்டத் தொறந்து விட்ருவாங்களே.”

“தெரியும். பழைய மூணு வருஷக் கணக்கும் சந்தேகம்னு கீழ எழுதியிருக்கேன்.”

“ரெண்டாவது ஆள் பேரு?”

“யாருமில்ல.”

காலியாக இருந்த அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, படிவத்தை அவள் கையில் கொடுத்தாள்.