முகம் காட்டி வந்த லொறி

என் பழைய லொறி மலை ஏறுவதென்றால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஏறும். சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அதன் பெட்ரோல் தாங்கி ஆசனத்துக்கு அடியில் இருந்தது. பம்ப் கிம்ப் ஒன்றும் கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்துதான் இயந்திரத்துக்குப் போகவேண்டும். செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கினால் இயந்திரம் மேலே, பெட்ரோல் கீழே. இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். ஆகவே மேட்டடியில் லொறியைத் திருப்பி, ரிவர்ஸில்தான் ஏற்றுவோம்.

எட்டு வருடம் இப்படித்தான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளருக்கு அரிசி ஏற்றினேன். என் மனைவியின் தம்பி, மச்சான், இறங்கிப் பின்னால் நடந்துகொண்டே "வா, வா, இடப்பக்கம்!" என்று கத்துவான். நான் கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்டுவேன். என் கழுத்து இன்றைக்கும் ஒரு பக்கம்தான் ஒழுங்காகத் திரும்பும்.

ஒருநாள் லொறியின் பின்புறம் தோட்டத்து வாசல் தூணில் இடித்து, துரையின் ரோஜாச் சட்டிகள் நான்கு நொறுங்கின. அது இரண்டாவது முறை. தோட்டத்துக் கணக்குவழக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். அதட்டிப் பேசமாட்டார், அதுதான் அவரிடம் பயம். எங்கள் முஸ்லிம் ஆட்களை எல்லாரும் அண்ணன் என்ற கருத்தில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, துரை சொல்லிப்போட்டார். அடுத்த அரிசி நாளிலும் உம்மட லொறி பின்பக்கமா வந்தால், பேந்து வரவே வேண்டாம். வேற ஆள் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

அக்குறணையில் என் வீடும் மச்சான் வீடும் அந்த அரிசி வேலையை நம்பித்தான் அடுப்பு மூட்டின. அடுத்த அரிசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. புது லொறி வாங்க நமக்கு ஏலாது. பழையதில் நல்லதாக ஒன்று பார்க்கவேண்டும்.

கண்டியில் கட்டுக்கலைப் பக்கம் ஒருவர் பழைய லொறிகள் விற்றார். அவரிடம் இரண்டு நின்றன. ஒன்று பச்சை, புதுப் பெயின்ட். மற்றது வெயிலில் வெளிறி, சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்காட் நசுங்கி, பார்க்கவே அழுமூஞ்சி.

"மச்சான், அந்தப் பச்சயப் பாருங்க! மாப்புள மாதிரி நிக்கிது" என்றான் கூட வந்த மச்சான். அவனுக்கும் நான் மச்சான்தான்.

"தங்கம் நானா, தங்கம்! சத்தமே வராது, கேட்டுப் பாருங்க" என்றார் விற்பவர். உண்மைதான். இயந்திரம் ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது. எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஆனாலும் வெறும் லொறியை யாரும் ஏற்றலாம். "பத்து மூட்டை போட்டு ஹந்தானை மலை ரோட்டில ஏத்திக் காட்டுங்க" என்றேன். அவர் முனகிக்கொண்டே சம்மதித்தார். மூட்டை ஏற்றி, நானே சுக்கானைப் பிடித்தேன். மச்சான் மூட்டைகளின் மேல், விற்பவர் என் பக்கத்தில்.

மேட்டைக் கண்டேன். என் கை தன் பாட்டில் லொறியைத் திருப்பி, ரிவர்ஸைப் போட்டுவிட்டது! எட்டு வருடப் பழக்கம் அல்லவா, மேடு என்றால் எனக்கு முதுகுதான்.

"என்னா நானா பண்றீங்க? மலை ஏற வந்தோமா, வீட்டுக்குப் போறோமா?" என்று விற்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேட்டடித் தேநீர்க்கடை வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது. பிழை என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். என் குணம் அதற்கு விடுமா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே.

"நான் லொறி பாக்கிறது இப்பிடித்தான்!" என்று கத்திவிட்டு, அப்படியே பின்னுக்கு ஏற்றினேன்.

இருபது முழம் போயிருக்காது. கியர்ப் பெட்டிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். ரிவர்ஸ் கியர் தானாகக் கழன்றது. பத்து மூட்டையோடு லொறி முன்பக்கமாகக் கீழே உருண்டது. "யா அல்லாஹ்!" என்று மேலேயிருந்து மச்சான் அலறினான். பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லவேண்டும். தேநீர்க்கடைக்கு நேரே வந்து நின்றது. அங்கே இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"ரோட்டு சரியில்ல நானா" என்றார் விற்பவர், முகம் வெளுத்து.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்! கியர்ப் பெட்டியத் தொறங்க."

அவர் திறக்கவில்லை, நான் திறந்தேன். எண்ணெயோடு எண்ணெயாக வாழைப்பழத் தோல்! தேய்ந்த பற்களின் சத்தம் வெளியே கேட்காதபடி திணித்து வைத்திருந்தார். முன்னுக்கு ஓட்டிப் பார்ப்பவர்களுக்கெல்லாம் தங்கம். பின்னுக்கு ஓட்டிப் பார்க்கிற ஒரு மடையன் வருவான் என்று அவர் கனவிலாவது நினைத்திருப்பாரா?

மூட்டைகளை அழுமூஞ்சிக்கு மாற்றினோம். இந்த முறை வேண்டுமென்றே பின்னுக்கு ஏற்றினேன். சத்தம் போட்டது, முனகியது, ஆனால் கடைசி வரைக்கும் ஏறியது. பிறகு கீழே இறங்கி, மூக்கைத் தூக்கி நேராக ஏற்றினேன். அதற்கும் நிற்கவில்லை. அதில் பம்ப் இருந்தது. எனக்குக் கூவவேண்டும் போலிருந்தது, கூவியும் விட்டேன். விற்பவர் மறுபேச்சில்லாமல் நான் சொன்ன விலைக்குக் கொடுத்தார்.

அரிசி நாள் வந்தது. தோட்டத்து மேட்டடியில் மச்சான் பழக்கதோஷத்தில் குதித்து இறங்கி, லொறிக்குப் பின்னால் ஓடிப்போய் "வா, வா!" என்றான். நான் முன்னுக்குப் புறப்பட்டேன். பாவம், மேடு முழுக்க எங்களைத் துரத்திக்கொண்டே ஓடிவந்தான்.

எட்டு வருடமாக அந்த மேட்டில் நான் பார்த்ததெல்லாம் விட்டுவந்த பாதையைத்தான். மேலே தேயிலைத் தொழிற்சாலையின் கூரை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

வாசலில் பனிமூட்டம். பெரிய கிளாக்கர் புது ரோஜாச் சட்டிகளுக்கு முன்னால் குடையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். லொறி முகத்தோடு வருவதைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"நில்லும், நில்லும்! இண்டைக்கு அரிசி அக்குறணை நானாதான் கொண்டு வாறார். அவர் வராட்டித்தான் உமக்கு வேலை. நீர் திருப்பிக்கொண்டு போம்!"

தலையை வெளியே நீட்டினேன். "ஐயா, அந்த நானா நான்தான்."

அவர் கிட்ட வந்தார். என்னைப் பார்த்தார், நசுங்கிய மட்காட்டைப் பார்த்தார், மூச்சிரைக்க ஓடிவந்த மச்சானைப் பார்த்தார்.

"அட, உம்மட லொறிக்கு முகமும் இருக்கோ, காணும்!" என்று சொல்லி, வாசலைத் தன் கையாலேயே அகலத் திறந்துவிட்டார்.