தாளம் மட்டும் மாற்றினார்கள்

உலகத்தில் எங்காவது புதிதாக ஒரு போர் தொடங்கினால் எங்கள் வானொலியில் அந்தப் பாட்டைப் போடுவார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் நான் பிறப்பதற்கு முன்பே பாடியது. போர் வேண்டாம் என்று கத்தமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்துக் கேட்பது போலப் பாடுவார். பாட்டு சில நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தது வானிலை. போர் அதன்பாட்டில் நடந்துகொண்டிருக்கும்.

ஆறு வயதில் ஊரைவிட்டு ஜெர்மன் நகரமான இந்த ஹம்முக்கு வந்தவள் நான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். இதற்குள் எத்தனை போருக்கு அந்தப் பாட்டைக் கேட்டிருப்பேனோ, எனக்கே தெரியாது. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு கேட்டிருக்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது கேட்டிருக்கிறேன். சோபா விளம்பரத்தில்கூட வந்தது. எல்லோருக்கும் பிடித்த பாட்டு. பிடித்து என்ன பிரயோசனம்?

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அங்கே பாட்டு நேரம். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார், பார்க்க வரும் சொந்த மகளிடமே "நீங்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்பவர். அந்தப் பாட்டைப் போட்டால் ஒரு சொல் பிசகாமல் பாடுவார். இளம் வயதில் ஏவுகணைகளுக்கு எதிராக ஊர்வலம் போனவராம். பாடி முடித்ததும் அழுவார். பிறகு ஏன் அழுதோம் என்பதை மறந்து கேக் கேட்பார்.

அவர் அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நினைவு வரும். அம்மா அழுது நான் பார்த்ததில்லை.

நாங்கள் இங்கே வந்தபோது அண்ணாவை ஊரில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். நான்கு பேருக்கும் சேர்த்து வழி கிடைக்கவில்லை. பிறகு கூப்பிடலாம் என்று அப்பா சொன்னார். அண்ணாவுக்குப் பதினேழு வயதானபோது அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் பாட்டுக் குழு ஒன்று வந்தது. முற்றத்தில் பறை அடித்துப் பாடி ஆடியிருக்கிறார்கள். முடிந்ததும் ஏழு பிள்ளைகள் அவர்களுடைய வாகனத்தில் ஏறிப் போனார்கள். அதில் அவனும் ஒருவன். பெரியம்மாவின் கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த கடிதத்தில் அவன் இல்லை என்று இருந்தது. உடம்பு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தமிழ் விழா எதற்கும் போவதில்லை. கலியாணத்துக்குப் போனாலும் தாலி கட்டியதும் வந்துவிடுவார். அப்பா போய்ச் சேர்ந்த பின் கலியாணங்களும் நின்றன. ஜன்னலோரக் கதிரை, மருந்துப் பெட்டி, நான். அம்மாவின் உலகம் அவ்வளவுதான். அந்த ரயில்வேக்காரருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிட அழுகை என் அம்மாவுக்கும் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். போருக்குப் போன இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்காகவும் யாரோ ஒருவர் பாடியிருக்கிறார் என்று அவர் தமிழில் கேட்கவேண்டும். ஆசை என்ன, பேராசைதான்.

அந்தப் பாட்டை மொழிபெயர்க்கிறேன் பேர்வழி என்று மூன்று வாரம் பஸ்ஸில் போகவர எழுதினேன். சனிக்கிழமைகளில் நான் படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடி ஆடுவதென்று முடிவானது. வாசித்துப் பார்த்த நிர்வாகக் குழு ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. அதிலேயே நான் உச்சி குளிர்ந்துபோனேன்.

இசைக்குக் கீபோர்ட் அண்ணை. இந்தப் பக்கத்துத் தமிழர்களின் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒத்திகைகளை எனக்கு வேலை இருக்கும் நேரத்தில் வைத்தார்கள். விழாவுக்கு முந்திய வாரம் அவரே போன் எடுத்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் வேகமாக்கிப் போட்டிருக்கிறன். மெல்லமாப் போனா சனம் ரோல்ஸ் வாங்கித் தின்ன எழும்பிப் போயிடும்."

"சொல்லுகள் விளங்குமே அண்ணை?"

"ஓம் ஓம், ஒரு சொல்லும் மாத்தேல்லை. தாளம் மட்டும்தான். நீங்கள் யோசியாதேங்கோ."

நான் யோசிக்கவில்லை. சரி என்றேன். அவரிடம் இருக்கும் வேகமான தாளம் எது என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது என்று சொன்னால் நான் பொய்க்காரி.

அம்மாவை வரச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு.

"எனக்கு ஏலாது பிள்ளை."

"நான் எழுதின பாட்டு அம்மா. சண்டை வேண்டாமெண்டு சொல்லுற பாட்டு. ஒருக்கா வாங்கோ."

"சண்டை வேண்டாமெண்டோ? எங்கட சனமோ பாடப் போகுது?"

"ஓம் அம்மா."

அம்மா அலமாரியைத் திறந்து நீலச் சேலையை எடுத்து அயர்ன் பண்ணச் சொன்னார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில்தான் விழா. விளக்கேற்றினார்கள். போரில் இறந்தவர்களுக்காக அகவணக்கம் செய்தோம். இங்கே எந்த விழாவும் அது இல்லாமல் தொடங்காது. அம்மா மூன்றாவது வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறிவிப்பாளர் என் பாட்டைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கீபோர்டில் முதல் அடி விழுந்தது. இயக்கத்தின் எழுச்சிப் பாடல்களுக்குப் போடும் அதே தாளம். பன்னிரண்டு பிள்ளைகள் இரண்டு வரிசையாக, இடது வலது, இடது வலது என்று மேடைக்கு வந்தார்கள். "ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வா" என்ற வரிக்கு முட்டியை உயர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார்கள். நடன ஆசிரியையைக் குறை சொல்லமாட்டேன். அந்தத் தாளத்துக்கு அவருக்குத் தெரிந்த அடவு அதுதான். சபை முழுவதும் கைதட்டித் தாளம் போட்டது. ஒரு சொல்லும் மாறவில்லை. எல்லாம் நான் எழுதியபடியே இருந்தது.

அம்மாவின் பக்கம் திரும்ப எனக்குத் துணிவு வரவில்லை. திரும்பியபோது கதிரை வெறுமையாக இருந்தது.

அவரை மேடையோரப் படியடியில் கண்டேன். பாட்டு முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்துப்போக அவளுடைய தாய் வந்திருந்தார். அம்மா அந்தத் தாயின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பிள்ளையை இப்பவே வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. இனி நிக்காதேங்கோ. பாட்டு முடிஞ்சாப் பிறகுதான் ஏத்துவினம்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன அம்மா, என்னத்தில ஏத்துவினம்?" என்று சிரித்தபடி என்னைப் பார்த்தார். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். சிறுமி என்னிடம், "டீச்சர், நாங்கள் நல்லாச் செய்தனாங்களோ?" என்றாள். ஓம் என்றேன்.

கார் நிற்குமிடத்துக்கு வந்தபோது இன்னும் நல்ல வெயில். அதற்குள் வாட்ஸ்அப்பில் காணொளி போய்விட்டது. பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலை ஒன்று பாட்டு வரிகளைக் கேட்டு எழுதியிருந்தது. அவர்களுடைய விழாவுக்கும் வேண்டுமாம். இந்தத் தாளத்திலேயே வேண்டுமாம். ஐம்பது வருடமாக உலகமெல்லாம் போன பாட்டு, என் புண்ணியத்தில் இப்படியும் போகப்போகிறது.

அம்மாவுக்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். கைகள் சில்லிட்டிருந்தன. அழுகை எதுவும் இல்லை.

"அம்மா, அது கூப்பிடுற பாட்டு இல்லை. போகாதேயெண்டு சொல்லுற பாட்டு. சொல்லுகளைக் கேட்டிருந்தா விளங்கியிருக்கும். நான் பார்த்துப் பார்த்து எழுதினனான்."

அம்மா முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்திலிருந்து அடுத்த நிகழ்ச்சியின் கைதட்டல் கேட்டது.

"உன்ர அண்ணனும் சொல்லுகளைக் கேட்டோ பிள்ளை போனவன்?" என்றார்.