சித்தியின் கல் வளையல்

கை வீங்கியதால் இன்று காலை வளையல் கழலவில்லை. சோப்பு நுரையைப் பூசியதும் சித்தி நினைவுக்கு வந்தாள்.

எனக்கு ஒன்பது வயதில் சித்தப்பா எங்களை ஹைதராபாத்துக்கு அழைத்துப் போனார். சார்மினார் பக்கத்தில், அரக்கு வாசம் வீசும் வளையல் கடைத்தெருவில் சித்தி ஒரு ஜோடி கல் வளையல் கேட்டாள்.

"ஊட்ல கீறதே போதும்," என்றார் சித்தப்பா.

"அளவுதான் பாக்கறேன்," என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அது கழலவில்லை. கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். சித்தப்பா இழுத்தார். சித்தி எலும்பு வலிக்கிறது என்று முனகினாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஜோடியையும் வாங்கிக் கொடுத்தார் சித்தப்பா.

மறுநாள் கொரட்டூர் வீட்டில், குளிக்கப் போகுமுன் சித்தி அதை ஒரே இழுப்பில் கழற்றி வைத்தாள். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"சித்தப்பாகிட்ட சொல்லாத கண்ணு," என்றாள். "அடுத்த வருசம் மைசூருக்குப் போவணும்."