மருந்துக்கடை சென்னியப்பன்: ஒரு சொட்டு, இரண்டு நிமிடம்

அன்று காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். செல்போன் அடித்தது. எடுக்கவில்லை. மருந்து விட்டால் இரண்டு நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது, மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பது மருந்துக்கடை சென்னியப்பன் எனக்குப் போட்ட சட்டம். போன் நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாம் முறைதான் எடுத்தேன். பஸ் நிறுத்தத்து டீக்கடை ராசு.

“எத்தன தடவைங்கண்ணா கூப்படறது? மருந்துக்கடைக்காரரு போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க.”

அவர் போட்ட சட்டத்தை மதித்த காரணத்தால் அவருடைய சாவுச் செய்தியே எனக்குத் தாமதமாக வந்தது. அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது.

எங்கள் நூலக வாசகர் வட்டம் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறது. “நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க” என்று கேட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவர் அதிர்ந்து பேசாதவர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்றார்கள். தொண்டாமுத்தூரில் அவர் கடைக்கு ஒரு தடவையாவது போனவர்களைக் கேட்கிறேன்: மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், அவரிடம் திட்டு வாங்காமல் யார் மருந்து வாங்கினீர்கள்? டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி மருந்து கேட்டவரை அவர் நடுரோடு வரைக்கும் விரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். செத்துப்போனார் என்பதற்காக அவரைச் சாதுவாக்க என்னால் முடியாது. அவரும் அதை விரும்பமாட்டார்.

எனக்கு வாய்க்கால் பக்கம் இரண்டு ஏக்கர் காடு. நானே உழைத்து வாங்கியது. மக்காச்சோளமும் தக்காளியும் போடுகிறேன். மழை விட்டு, வேலியோரம் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தால் என் கண் இரண்டும் மிளகாய் தடவினதுபோல் ஆகிவிடும். அரிப்பு, நீர், இமை வீக்கம், நூறு தும்மல். மக்காச்சோளம் பூவெடுத்தால் இன்னும் மோசம். விளக்கெண்ணெய் விட்டேன். நந்தியாவட்டைப் பூவை ஒற்றினேன். எதற்கும் அடங்கவில்லை என்று டாக்டரிடம் போய், அவர் எழுதிய சீட்டோடு சென்னியப்பன் கடைக்குப் போனேன்.

“மகரந்தத் தூளு கண்ணுல பட்டா ஒடம்பு சண்டைக்கு நிக்குதுங்க. அந்தச் சண்டைய நிறுத்தற மருந்து இது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு” என்று சின்ன பாட்டிலைக் கொடுத்தார். அதோடு விட்டாரா? அங்கேயே விட்டுக் காட்டச் சொன்னார். நான் அண்ணாந்து, நாலைந்து சொட்டு விட்டேன். அது கன்னத்தில் வழிந்து சட்டைக்குள் போனது.

“ஏனுங்க, கண்ணு என்ன கெணறா? ஒரு சொட்டுக்கு மேல அது தாங்காது. மிச்சமெல்லாம் உங்க சட்டைக்குத்தானுங்க வைத்தியம்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கீழிமையை இழுத்துப் பை போலாக்கி அதில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். பாட்டில் மூக்கு கண்ணிலோ விரலிலோ படக் கூடாது. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இத்தனையையும் சொல்லிப் பாட்டிலின் மேல் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதினார். விட்ட கொஞ்ச நேரத்திலேயே அரிப்பு அடங்கியது. ஆனால் காட்டுக்குப் போய் வந்தால் திரும்பவும் வந்தது. இரண்டு வாரம் கழித்து, மருந்து சரியில்லை என்று பாட்டிலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பேசிக்கொண்டே நான் கண்ணைத் துடைத்தேன். உடனே, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, சத்தமாகச் சொன்னார்: “மொதல்ல அந்தத் துண்டத் தோள்ல இருந்து எடுங்க.”

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் அப்பா பண்ணையத்தில் வேலை செய்தவர். பண்ணையக்காரர் வீட்டு வாசலுக்குப் போகுமுன் தெருமுனையிலேயே தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் விதி. எனக்குப் பதினாறு வயதானபோது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்தேன். அதற்கு வாங்கிய அடியின் தழும்பு முழங்காலில் இருக்கிறது. அன்றிலிருந்து யார் முன்னாலும் அதை நான் எடுத்ததில்லை. அந்தப் பண்ணையம் யாருடையது என்றால், சென்னியப்பனின் அப்பாவுடையது. அவர் அப்பா என் அப்பாவைப் பெயர் சொல்லி ‘வாடா போடா’ என்றவர். சென்னியப்பன் என்னை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிட்டார், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று என் காதில் விழுந்தது அவர் அப்பாவின் குரல்.

“துண்ட எடுக்கச் சொல்ற வேலையெல்லாம் உங்கப்பனோட போச்சுங்க கடைக்காரரே” என்றேன். அவர் முகம் என்ன ஆனது என்று நின்று பார்க்கவில்லை. “ஏனுங்க, மருந்த வெச்சுட்டுப் போறீங்களே” என்று பின்னால் கேட்டது. திரும்பவில்லை.

அடுத்து நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. என் மனைவிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது கொடுத்த சொட்டு மருந்தில் ஒரு புது பாட்டில் மிச்சம் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பொட்டலம் மடித்து வந்த பேப்பரிலும் பிறகு நூலகத்திலும் தமிழைப் படித்துக்கொண்டேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். கண்ணுக்கானது என்பது வரை படித்தேன். போதும் என்று விட்டுக்கொண்டேன். ஒரே நாளில் கண் பளிச்சென்று ஆனது. தீர்ந்ததும் காலி பாட்டிலைக் காட்டி வேறு கடையில் அதையே வாங்கினேன். அவர்கள் சீட்டுக் கேட்கவில்லை, மறுபேச்சுப் பேசவில்லை. எவ்வளவு மரியாதையான கடை என்று நினைத்தேன். ராசு கடையில் உட்கார்ந்து, சென்னியப்பன் மருந்தைவிட இது எப்படிக் கேட்கிறது பார் என்று நாலு பேரிடம் பெருமையும் பேசினேன். எட்டு மாதம்.

அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மொபெட்டில் என் காட்டுக்கு வந்து வரப்பில் நின்றார்.

“பாட்டிலக் காட்டுங்க. பாத்துப்போட்டுப் போயிர்றேன்.”

“எங்கிட்ட என்ன இருந்தா உங்களுக்கென்னங்க? உங்க யாவாரம் கொறஞ்சுபோச்சா?”

“யாவாரம் கெடக்குதுங்க. பாட்டிலு.”

காட்டினேன். படித்தார். வெயிலில் நின்றதால் அவர் முகம் அப்படிக் கறுத்தது என்று அப்போது நினைத்தேன்.

“இது ஸ்டீராய்டுங்க. ஆபரேசனுக்கப்பறம் கொஞ்ச நாளைக்கு, டாக்டரு பாத்துப் பாத்துக் குடுக்கறது. மாசக்கணக்கா விட்டா கண்ணுக்குள்ள பிரசர் ஏறும். ஓரத்துல இருந்து பார்வை போகும். வலிக்காதுங்க. அதுதான் அதோட கெட்ட குணம்.”

“பயங்காட்டறீங்களா?”

“ஆமாங்க, பயங்காட்டறேன். எங்கடைக்கு வரவே வேண்டாம். நாளைக்குக் காந்திபுரம் பஸ் ஏறி, கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. எதுவும் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. ராசு கடையில எல்லாருக்கும் முன்னால எம்மூஞ்சில வீசுங்க.”

அப்படி வீசத்தான் போனேன். கண்ணுக்குப் பயந்து போகவில்லை. அங்கே ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு நன்றாகவே அழுத்தினேன். இடது கண்ணுக்கு நெடுநேரம் புள்ளியே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். நிற்கவில்லை என்றார் பரிசோதனை செய்த பெண். இடது கண்ணின் ஓரப் பார்வை போயிருந்தது. போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இன்னும் சில மாதம் கழித்து வந்திருந்தால் இரண்டு கண்ணுக்கும் அதையே சொல்லியிருப்பாராம்.

புதுச் சீட்டோடு சென்னியப்பன் கடைக்குப் போனேன். ‘அன்னைக்கே சொன்னேனில்ல’ என்று ஒரு வார்த்தை சொல்வார், சண்டை போடலாம் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பிரசர் குறைய ஒரு பாட்டில், அரிப்புக்குப் பழைய மருந்து, இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் இடைவெளி என்று சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வைத்தார்.

“காட்டுல இருக்கற தூளெல்லாம் துண்டுலதான் வந்து ஒக்காருதுங்க. மருந்து விட்டுப்போட்டு அதுலயே தொடச்சா, அணைச்ச நெருப்புல மறுபடி சீமெண்ணெய் ஊத்தற மாதிரி. தோள்ல இருக்கறது தோள்லயே இருக்கட்டும். கண்ணுக்கு இது. தெனமும் தொவைங்க.”

இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரு துணியின் விஷயம். அதற்காக நான் பாதிக் கண்ணைக் கொடுத்தேன். துண்டை எடுக்க மறுத்தது தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். மருந்தை வைத்துவிட்டு வந்தது தப்பு. இந்த இரண்டையும் அவரிடம் நான் பிரித்துச் சொன்னதே இல்லை. ஆறு வருடம் அந்தக் கடைக்குப் போய் வந்தேன். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்குவதா, பூத்த பின்னா என்று கத்தினோம். அதை அழிக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதும்போது கமாவுக்கெல்லாம் சண்டை போட்டோம். இதைப் பேசவில்லை.

அவர் வீட்டுக்குச் சாவுக்குப் போனேன். உடலின் முன்னால் வந்த ஆண்கள் எல்லாரும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். செத்தவருக்குச் செய்யும் மரியாதை அது, எனக்கும் தெரியும். ஆனால் அது அதே வாசல். என் கை தோள் வரைக்கும் போனது. எடுக்க வரவில்லை. பின்னால் யாரோ, “இங்க வந்துமா வீம்பு?” என்று முணுமுணுத்தார்கள்.

அவர் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தார். “உடுங்க. அவரு இருந்தா எடுக்க வேண்டாம்னுதான் சொல்லுவாரு” என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, “அன்னைக்குக் கடையில உங்களச் சொல்லிப்போட்டு வந்து அவரு சோறே திங்கலைங்க. ‘வாயில இருந்து வந்தப்பறந்தான் அம்மணி எனக்கு நெனப்பே வந்துது, எந்த ஊட்டுக்காரன் யாரப் பாத்துச் சொல்லியிருக்கறேன்’னாரு. போய்ச் சொல்லுங்கன்னு நானுஞ் சொன்னேன். ‘சொன்னா இன்னும் கோவிச்சுக்குவாரு’ன்னு இருந்துட்டாருங்க” என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மாலையே தெரிந்திருக்கிறது. அவர் எனக்குப் பயந்து எட்டு மாதம் வராமல் இருந்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் நான் என் கண்ணில் அந்த மருந்தை விட்டுக்கொண்டிருந்தேன். ஊரையே அதட்டிய மனிதருக்கு இந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நல்லதாக நாலு வார்த்தை கேட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டாம். எனக்கு வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

போன வாரம் வேறொரு மருந்துக்கடையில் ஒரு பெண் தன் குழந்தைக்குக் கண் அரிக்கிறது என்று பழைய பாட்டிலைக் காட்டி இன்னொன்று கேட்டார். சீட்டு இல்லை. எடுத்துக் கொடுத்தார்கள். நான் கை நீட்டி வாங்கி, வலது கண்ணுக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டினேன். அதே மருந்து. “டாக்டரக் காட்டாம இத உடாத கண்ணு” என்றேன். கடைக்காரர், “பெருசு, உங்க வேலையப் பாருங்க” என்றார். எட்டு மாதம் எனக்கு மறுபேச்சில்லாமல் விற்ற அதே மரியாதையான கடைதான். அங்கே நின்று நான் போட்ட சத்தம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டதாக ராசு சொன்னான். அந்தப் பெண் பாட்டிலை வாங்காமல் போனார்.

அந்தச் சத்தம் சென்னியப்பனுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். காலையும் மாலையும் கண்ணை மூடிய இரண்டு நிமிடத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லிப் பார்க்கிறேன். பாதி சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பிறகு அவர் கொடுத்த வெள்ளைத் துணியால் துடைத்து, அதை மடித்துப் பையில் வைக்கிறேன். துண்டு தோளில்தான் இருக்கிறது. இரண்டில் எதையும் நான் கீழே வைப்பதாக இல்லை.