சாம்பிள் பீரோ

அரசாங்கத்துக்குச் சரக்கு கொடுக்கிறவர் வீட்டில் ஒரு வெளிநாட்டுச் சோப்பு இருந்தாலும் விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பத்து வயதில் நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்படி நம்ப வைத்தது அப்பாதான்.

தென்காசியில், வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்கு இரும்பு பீரோ பட்டறை. அந்த வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு பீரோ செய்துதர டெண்டர் போட்டிருந்தார். கிடைத்தால் பட்டறை ஓடும். இல்லையென்றால் தீபாவளிக்குள் இழுத்து மூட வேண்டியதுதான். சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "உள்நாட்டுச் சரக்குதான் வாங்குவாங்களாம். ஒரு ஸ்குரூகூட ஃபாரின்ல வந்ததா இருக்கக் கூடாதாம். நாளைக்கு ஆபீசர் பாக்க வாராரு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தவை வீடெங்கும் கிடந்தன: ரேடியோ, டார்ச், சென்ட், பொத்தானை அமுக்கினால் விரியும் குடை. அப்பாவை ஜீப்பில் ஏற்றுகிறார்கள், நான் அழுதுகொண்டே பின்னால் ஓடுகிறேன், அதைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு கேட்கிறேன் என்பதுவரை யோசித்துவிட்டேன். இந்த வயதில் அந்தப் பயலை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

காலையில் யாரும் பார்க்காதபோது எல்லாவற்றையும் அள்ளிப்போய், பட்டறை வாசலில் பெயிண்ட் மணத்தோடு நின்ற புது பீரோவுக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினேன். அரசாங்கத்துக்குச் செய்த பீரோவில் அரசாங்கமே சோதனை போடாது என்பது என் கணக்கு. ஆபீசர் பார்க்கப்போகிற சாம்பிளே அதுதான் என்பது தெரியாது.

எங்கள் பக்கம் அதிகாரிகளுக்கு ஆய்வு ஞாபகம் வருவது சாரல் விழும்போதுதான். குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மதியம் வந்தார். நேராக அந்த பீரோவின் கைப்பிடியைத் திருகினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால், ஆபீசர் குடையை விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பதறிப்போய் முன்னால் வந்தார்.

"சார், இது எப்படி உள்ள வந்துச்சுன்னு..."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க யாருக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டீங்க, கண்டிப்பான ஆளுன்னுல்லா சொன்னாங்க? வெவரமாத்தான் இருக்கீங்க." குடையை மடக்கி உள்ளே வைத்தார். "சாம்பிளை இப்படியே பூட்டி நம்ம வீட்டுக்கு அனுப்பிருங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெல்டிங்கை நிறுத்திவிட்டு ஆறு பேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாவியைக் கொடுத்தார்.

ஜீப்பில் ஆபீசர் மட்டும்தான் ஏறினார் என்பதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சாயங்காலம், ஒளித்துவைத்தது நான்தான் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "போய்ப் படிலே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அடி விழாததைப் பாராட்டு என்றே வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது. அடுத்த வருஷம் சாரல் தொடங்கும் முன்பே அப்பா துபாய்க்குக் கடிதம் எழுதினார்: ஒரு ரேடியோ, ஒரு டார்ச், ஒரு குடை.