தவறு, மறுபடி சொல்லுங்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எங்கே சொன்னாலும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். மதுரையில் கல்வித் தொழில்நுட்பம் படித்தபோது, எழுத்தறியாத பெரியவர்களுக்காக ஒரு செயலி செய்தேன். திரையில் படமும் சொல்லும் வரும். வாசிப்பது என் உச்சரிப்போடு பொருந்தினால் அடுத்த சொல். இல்லையென்றால், "தவறு. மறுபடி சொல்லுங்கள்" என்று குரல் கேட்கும். ழகரம் எனக்குச் சுத்தமாக வரும் என்ற பெருமையில் அந்தக் குரலையும் நானே பேசிப் பதிந்தேன்.

முதலில் அம்மாவின் போனில்தான் ஏற்றிக்கொடுத்தேன். அம்மா போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். நான் அனுப்பும் செய்தியை அடுத்தவரிடம் நீட்டாமல் தானே வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

எப்படிப் படிக்கிறாள் என்று குறிப்பெடுக்க ஒரு காலையில் நானும் ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு வளைவுகளில் சாய்ந்தபடி அம்மா போனை வாயருகே பிடித்துக்கொண்டாள். மழைப் படம் வந்தது.

"மளை."

"தவறு. மறுபடி சொல்லுங்கள்."

"மளை."

"தவறு. மறுபடி சொல்லுங்கள்."

எதிரில் இருந்த, அம்மாவோடு வேலைக்கு வரும் அக்கா ஒருத்தி சிரித்தாள். "என்ன மதினி, ஆயுசு பூரா நனஞ்சும் மளை தெரியலயாக்கும் ஒனக்கு?"

"அது அவ மக சத்தம்ல. பெத்தவளயே முட்டி போட வச்சிட்டா," என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

ஜீப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அப்போதாவது நான் போனை வாங்கி அணைத்திருக்கலாம். "நாக்க மடிச்சுச் சொல்லும்மா" என்று எல்லார் முன்னாலும் பாடம் எடுத்தேன். எஸ்டேட் வரும்வரை அவளால் அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை.

இறங்கியதும் போனை மடியில் செருகிக்கொண்டே, "ஒனக்குப் பேச்சு சொல்லிக்குடுத்ததே நாந்தான ஆத்தா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெரசாக ஏலக்காட்டுக்குள் நடந்துவிட்டாள்.

ள என்றாலும் ஏற்கும்படி பிறகு செயலியைத் திருத்தினேன். அம்மா அதைத் திறக்கவே இல்லை. என் ஆய்வேட்டில் அவள் 'இடையில் நின்றவர்' என்று ஒரு வரி. அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

இன்றும் என் செய்திகளைப் பக்கத்து வீட்டில்தான் காட்டுகிறாள். போனில் என்னிடம் பேசும்போது ழ வரும் சொற்களை ஒதுக்கிவிடுகிறாள். "ஞாயித்துக்கெளம வாடி" என்று கூப்பிட்டவள், இப்போது கொஞ்சம் யோசித்து, "லீவன்னைக்கு வா" என்கிறாள்.

"வர்றேம்மா" என்கிறேன். உடனே போனை வைத்துவிடுகிறாள்.